மெல்பர்ன் மாநகரில் ஒரு மணி நேரத்தின் விலை



உங்கள் வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்காக ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குச் செல்வதாயிருந்தால், முதல் வாரத்திலேயே போய்ப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. நகர மையத்தின் வட எல்லையில், ரஸல் தெருவும் விக்டோரியா தெருவும் கூடுகிற முனையில் ஒரு கல்தூண் நிற்கிறது. அதன் மேற்பகுதியில் பொன்னிறமான மூன்று எட்டுகள். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் இளைப்பாறுதல் என்பது அவற்றின் பொருள்.

1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி, மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடத்தை எழுப்பிக்கொண்டிருந்த கல்தச்சர்கள் உளியையும் சுத்தியலையும் கீழே வைத்துவிட்டு, நாடாளுமன்ற மாளிகை கட்டப்பட்டுவந்த இடம்வரை அணிவகுத்துச் சென்றார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்குமேல் உழைப்பதில்லை, கூலியும் குறையக்கூடாது என்பதே அவர்களுடைய கோரிக்கை. அதைப் பெற்றும் கொண்டார்கள். அதன் நினைவாக 1903-இல் எழுப்பப்பட்ட தூண், 1923-இல் இப்போதுள்ள இடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அருகிலேயே தொழிற்சங்கங்களின் மாளிகையான டிரேட்ஸ் ஹால் இருக்கிறது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் நாள்தோறும் இந்த முனையைக் கடந்துதான் போகிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள் சிலரே.

இதை எதற்காக முதலில் காட்டுகிறோம் என்று கேட்பீர்கள். இந்நகரில் ஒரு மனிதனின் ஒரு மணி நேர உழைப்புக்கு எல்லையும் விலையும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அவ்விரண்டையும் அறியாமல் விமானத்தை விட்டு இறங்கும் பிள்ளைக்கு, பகுதிநேர வேலை ஒத்தாசையாயிருப்பதற்குப் பதிலாகக் கண்ணியாகிவிடுகிறது. நகை அடகு வைத்து, வங்கியில் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் நம் சபைகளில் அநேகர் இருக்கிறார்கள். ஆகையால் இந்தக் கணக்கை விமான நிலையத்திற்குப் போகுமுன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

முதலில் எல்லை. மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்திற்கு 48 மணி நேரத்திற்குமேல் வேலை செய்யக்கூடாது. 2023 ஜூலை 1 முதல் இந்த அளவு நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் பல ஆண்டுகள் அது 40 மணி நேரமாக இருந்தது. கொரோனா கால ஆள் பற்றாக்குறையினால் 2022 ஜனவரியிலிருந்து 2023 ஜூன் முடிய எல்லையே நீக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் சென்ற அண்ணன்மார் "எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம்" என்று சொல்வது அவர்கள் காலத்துக் கதை. இப்போது அதை நம்பிப் போகக்கூடாது. பாடத்திட்டம் தொடங்குவதற்குமுன் வேலையே செய்யக்கூடாது. கல்லூரியின் அதிகாரபூர்வ விடுமுறைகளில் எல்லை கிடையாது. முதுகலை ஆராய்ச்சிப் படிப்பிலும் முனைவர் படிப்பிலும் சேர்ந்தவர்களுக்குப் படிப்பு தொடங்கியபின் எல்லை இல்லை.

இந்த "இரண்டு வாரம்" என்பதில் அநேகர் இடறுகிறார்கள். சம்பளம் போடுகிற இரண்டு வாரம் வேறு, விசாவின் இரண்டு வாரம் வேறு. எந்தத் திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாலும், அடுத்த பதினான்கு நாட்களில் 48-ஐத் தாண்டக்கூடாது. முதல் வாரம் 18 மணி நேரம், இரண்டாம் வாரம் 30 மணி நேரம் உழைத்தால் கூட்டுத்தொகை 48, தவறில்லை. மூன்றாம் வாரம் 20 மணி நேரம் போனால், இரண்டாம் மூன்றாம் வாரங்களைச் சேர்த்து 50 ஆகிவிடும். விசா நிபந்தனை மீறப்பட்டதாகும். இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டவேண்டும். ஆகையால் தம்பி, தங்கையே, கடைக்காரர் வைத்திருக்கும் ஏட்டை நம்பாமல், உங்கள் கைப்பேசியிலோ ஒரு சிறு குறிப்பேட்டிலோ நாளும் நேரமும் நீங்களே எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பற்றிப் பின்னும் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி விலை. நகரின் மேற்கே இரயிலில் சென்றால் சன்ஷைன் என்ற புறநகர் வரும். இன்று அங்கே இந்தியக் கடைகளும் வியட்நாமியக் கடைகளும் நிறைந்திருக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன்னே அங்கே ஹெச்.வி. மெக்கே என்பவரின் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை இருந்தது; அதன் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 1907-இல் அந்தத் தொழிற்சாலையைப் பற்றிய வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ், தொழிலாளியின் கூலியை முதலாளியின் மனம்போல் விடாமல், ஒரு குடும்பம் எளிமையாகவேனும் கண்ணியமாக வாழத் தேவையானதைக் கொண்டு அளக்கவேண்டும் என்று தீர்ப்பளித்து, பயிற்சியில்லாத தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் என்று நிர்ணயித்தார். அந்த வழக்கின் சட்ட அடிப்படை அடுத்த ஆண்டே உயர்நீதிமன்றத்தில் செல்லாமற்போயிற்று. அளவுகோல் மாத்திரம் நிலைத்துவிட்டது. இன்றும் நாட்டின் குறைந்தபட்சக் கூலி ஆண்டுதோறும் ஜூலையில் மாற்றியமைக்கப்படுகிறது.

2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். நிலையான வேலையும் சம்பளத்தோடு விடுப்பும் இல்லாமல், அழைத்தபோது வருகிற "கேஷுவல்" பணியாளருக்கு இதன்மேல் 25 விழுக்காடு கூட்டித் தரவேண்டும். அப்பொழுது அது மணிக்கு ஏறத்தாழ 31.19 டாலர் ஆகிறது. மாணவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கேஷுவல் வேலைகளே. கடை, உணவகம், துப்புரவு என்று ஒவ்வொரு தொழிலுக்கும் "அவார்டு" எனப்படும் தனி ஊதிய விதி உண்டு. அது இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 21 வயது நிறையாதவர்களுக்குச் சில தொழில்களில் குறைவான விகிதம் இருப்பதால், இளங்கலை படிக்கச் செல்கிறவர்கள் தங்கள் வயதுக்குரிய தொகையைத் தனியே விசாரித்துக்கொள்ளவேண்டும். வெளிநாட்டு மாணவர் என்பதற்காக ஒரு காசும் குறைக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

பெற்றோரே, இப்பொழுது கணக்கைப் போடுங்கள். வாரத்திற்கு 24 மணி நேரம், மணிக்கு 31.19 டாலர் என்றால் வாரத்திற்குச் சுமார் 748 டாலர். மாணவர் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக ஆஸ்திரேலிய அரசு 2024 மே மாதம் நிர்ணயித்த தொகை 29,710 டாலர். வாரத்திற்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ 571 டாலர். ஒவ்வொரு வாரமும் முழு நேரமும் வேலை கிடைத்தால், வாடகையும் சாப்பாடும் பயணச் சீட்டும் போகக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு வாரமும் முழு நேரமும் கிடைப்பதில்லை. முதல் சில வாரங்கள் ஒன்றுமே கிடைக்காமலும் போகும். கல்லூரிக் கட்டணம் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "முதல் ஆண்டுக் கட்டணத்தை நாம் கட்டிவிடுவோம், அடுத்ததைப் பையன் அங்கே சம்பாதித்துக் கட்டிக்கொள்வான்" என்று ஏஜென்ட் சொன்னால், அவரிடத்தில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, இதே கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பாடத்தில் தோற்றால் அதற்குரிய கட்டணத்தை மறுபடியும் கட்டவேண்டும். அது ஐயாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம், 31.19 டாலர் வீதம் அதை ஈட்ட 160 மணி நேரம் உழைக்கவேண்டும். அனுமதிக்கப்பட்ட முழு நேரமும் உழைத்தால்கூட ஏறத்தாழ ஏழு வாரத்தின் கூலி. இரவு வேலையில் சேர்ந்து காலை வகுப்பில் தூங்குகிற பிள்ளை எதைச் சம்பாதித்து எதை இழக்கிறது என்பது இதில் தெரியும்.

வேலைகள் எங்கே இருக்கின்றன? ஊரின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும். நகர மையத்தில் உணவகங்கள், காப்பிக் கடைகள், விடுதிகள், அலுவலகத் துப்புரவு வேலைகள். காப்பி என்றால் அவ்வூரார் அதை ஒரு கலையாகவே எண்ணுகிறார்கள். பால் நுரைக்கப் பழகாதவரைக் காப்பி இயந்திரத்தின் பக்கத்திலேயே விடமாட்டார்கள். ஆகவே நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது பாத்திரம் கழுவுகிற வேலையும் காய்கறி நறுக்குகிற வேலையுமே. தென்கிழக்கே மொனாஷ் பல்கலைக்கழகத்தை அடுத்திருக்கிறது கிளேட்டன். 2018-இல் உயர்த்திக் கட்டப்பட்ட இரயில் நிலையத்திலிருந்து இறங்கிக் கிளேட்டன் சாலையில் நடந்தால் இந்திய, சீன மளிகைக் கடைகளும் சிற்றுணவகங்களும் தொடர்ந்து வரும். கண்ணாடிக் கதவுகளில் "ஆள் தேவை" என்ற தாள்கள் ஒட்டப்பட்டிருக்கும். பேரங்காடிகளில் கடை மூடியபின் இரவில் அலமாரிகளை நிரப்புகிற வேலை உண்டு. வாடிக்கையாளரோடு பேசவேண்டியது குறைவு என்பதால் ஆங்கிலம் தயங்குகிறவர்களுக்கு அது ஏற்றது.

அதே பாதையில் இன்னும் சென்றால் டாண்டினாங். 1866-இல் தோன்றிய அதன் சந்தை இன்றும் கூடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ், ஹெய்ன்ஸ், இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆகிய தொழிற்சாலைகளுக்காக ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். அந்தப் பெரிய ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. இப்பொழுது அதன் தென்பகுதியில் கிடங்குகளும் உணவுப் பொருள் பொதியும் கூடங்களும் பரந்துகிடக்கின்றன. தமிழ், சிங்களம், பஞ்சாபி, தாரி மொழிகள் பேசுவோர் அவற்றில் உழைக்கிறார்கள். கிடங்கு வேலைக்கு ஒரு தடை உண்டு: வேலை விடியற்காலை தொடங்கும், ஆனால் பேருந்து அந்நேரத்தில் அரிது. மெல்பர்னில் 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் மாத்திரம் விடியவிடிய இரயில் ஓடுகிறது. மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப்பின் நின்றுவிடும். ஆகையால் வேலைக்குச் சம்மதிக்குமுன் கூலியைக் கேட்பதுபோலவே, திரும்பிவர இரயில் உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

முதியோர் இல்லங்களிலும் உடல் ஊனமுற்றோர் பராமரிப்பிலும் நிரந்தரமாக ஆள் தேவை இருக்கிறது. இதற்குக் காவல்துறைச் சான்றும், பெரும்பாலான இடங்களில் பராமரிப்புப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். பாட்டியோடும் தாத்தாவோடும் வளர்ந்த நம் பிள்ளைகள் இதில் நன்றாய்ச் செய்கிறார்கள்; ஆனால் இரக்கம் ஒன்றை மாத்திரம் நம்பிப் போகக்கூடாது, முதுகு வலிக்கும் வேலை அது. பல்கலைக்கழகத்திற்குள்ளேயே நூலகத்திலும் மாணவர் சேவை அலுவலகத்திலும் சில வேலைகள் உண்டு. அவை குறைவு, போட்டி அதிகம். ஆனால் படிப்பைப் புரிந்துகொள்ளும் முதலாளி அங்கேதான் கிடைப்பார். கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடைகள் ஆள் எடுக்கும். அது கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவதால், நேர எல்லையில்லாமல் உழைக்கக் கிடைக்கிற நல்ல பருவம் அதுவே.

விண்ணப்பம் எழுதும் முறையும் நம் ஊர் முறையல்ல. புகைப்படம் வேண்டாம்; பிறந்த தேதி, தகப்பன் பெயர், மதம், திருமண நிலை ஒன்றும் வேண்டாம். இரண்டு பக்கத்திற்குள், எந்தெந்த நாளில் எத்தனை மணிக்கு வரமுடியும் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும். உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் பெயரைக் கேட்பார்கள். ஊரில் மாமாவின் கடையில் உட்கார்ந்ததும், ஞாயிறுபள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் அனுபவமே; அவற்றைச் சிறுமையாக எண்ணி விட்டுவிடாதீர்கள். சென்றவுடன் வரி அலுவலகத்தில் "டி.எஃப்.என்." என்கிற வரி எண்ணுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். அது இலவசம். அந்த எண்ணைத் தராவிட்டால் உச்ச விகிதத்தில் வரி பிடிப்பார்கள். ஆறு மாதத்திற்குமேற்பட்ட படிப்பில் இருப்பவர் பொதுவாக வரிக் கணக்கில் உள்நாட்டவராகவே கருதப்படுவதால், ஆண்டுக்கு 18,200 டாலர்வரை வருமான வரி இல்லை.

இனி, நம் வாசகர்களுக்குச் சற்றுக் கசப்பான விஷயத்திற்கு வருகிறோம். திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்த நம் பெற்றோர்கள் முதல் வேலையை எப்படிப் பெற்றார்கள்? ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டினார். அவருடைய திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதே மரியாதைக் குறைவாக இருந்தது. அந்த வழி அநேகரை வாழவைத்தது. மெல்பர்னுக்குப் போகிற பிள்ளையும் அதே வழியில்தான் தேடுகிறது: நம்ம ஊர்க்காரர், நம்ம மொழிக்காரர், சில வேளைகளில் நம்ம சபைக்காரர். அவர் வேலை தருகிறார், கையில் ரொக்கமாக மணிக்குப் பதினைந்து டாலர் கொடுக்கிறார். பிள்ளை அதை ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறது. நம் ஊரில் ஒரு நாள் கூலியைவிட அதிகம் என்று மகிழ்கிறது. வாடகையை ரூபாயில் கட்டமுடியாது என்பது அடுத்த வாரம் தெரிகிறது. 15 டாலர் வீதம், சட்டப்படி 24 மணி நேரத்தில் கிடைக்கவேண்டிய 748 டாலரைச் சேர்க்க வாரத்திற்கு 50 மணி நேரம் உழைக்கவேண்டும். உழைத்தால் விசா எல்லை மீறப்படுகிறது. மீறியபின் அந்த முதலாளிக்கு விலங்கு ஒன்றும் தேவையில்லை. "புகார் செய்வாயா? நீ எத்தனை மணி நேரம் வேலை செய்தாய் என்று நானும் சொல்வேன்" என்ற ஒரே வாக்கியம் போதும். குறைந்த கூலியும் மிகுந்த நேரமும் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகின்றன.

இது கற்பனையல்ல. 2015 ஆகஸ்ட் இறுதியில் ஏ.பி.சி. தொலைக்காட்சியின் "ஃபோர் கார்னர்ஸ்" நிகழ்ச்சியும் ஃபேர்ஃபேக்ஸ் பத்திரிகைகளும் செவன்-இலெவன் என்ற கடைத்தொடரைப் பற்றி வெளியிட்ட செய்தி அந்நாட்டையே உலுக்கியது. உரிமம் பெற்று நடத்தப்பட்ட பல கடைகளில், 40 மணி நேரம் உழைத்த மாணவருக்கு ஏட்டில் 20 மணி நேரம் என்று எழுதிச் சரியான விகிதத்தில் சம்பளம் போட்டார்கள். ஏட்டைப் பார்க்கிறவருக்குக் கூலியும் சரி, விசா எல்லையும் சரி; மாணவரின் கைக்கு வந்தது பாதி. வேறு சில இடங்களில் முழுச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பத் தரச் செய்தார்கள். பின்னர் அந்த நிறுவனத்தின் திட்டத்தின்மூலம் பணியாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 15 கோடி டாலருக்கும் மேல். பிடித்துவைக்கப்பட்ட கூலியைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். கடை நடத்துகிற நம் விசுவாசிகள் மெல்பர்னில் இருந்தால், அவர்களும் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

அதன்பின் சட்டம் வெகுவாக மாறியிருக்கிறது. 2017-இல் தண்டத்தொகைகள் உயர்த்தப்பட்டன. கூலியைத் திரும்பக் கேட்பது தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில், ஊதியக் கண்காணிப்பு அலுவலகமாகிய ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மனும் குடியேற்றத் துறையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: வேலை நேர எல்லையை மீறிய மாணவர், சுரண்டப்பட்டதாக அந்த அலுவலகத்தின் உதவியை நாடி, இனி நிபந்தனையைக் கைக்கொள்வதாக உறுதியளித்து, வேறு குற்றம் ஒன்றும் இல்லாதிருந்தால், பொதுவாக விசா ரத்து செய்யப்படுவதில்லை. 2024 ஜூலை முதல், விசாவைக் காட்டிப் பயமுறுத்தி வேலை வாங்குவது குற்றமாக்கப்பட்டது. 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் குற்றவியல் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. அந்த அலுவலகத்தின் தொலைபேசி எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், தமிழிலும் கிடைப்பார்கள். அப்பொழுதுதான் நாம் முன்னே சொன்ன குறிப்பேடு கைகொடுக்கும். ஏட்டில் எழுதப்படாத மணி நேரத்திற்கு உங்கள் கையெழுத்தும், கடை அனுப்பிய குறுஞ்செய்திகளுமே சாட்சி.

பெற்றோர் தொலைபேசியில் "வேலை கிடைத்ததா?" என்று கேட்கிறார்கள். அதோடு "சம்பளச் சீட்டு தருகிறார்களா?" என்றும் கேளுங்கள். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் சீட்டுத் தரவேண்டும் என்பது சட்டம். சீட்டு இல்லாத இடத்தில் மற்றவையும் இருக்காது. "பழகிப் பார்" என்று சொல்லி ஒரு வாரம் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும் தவறே. வேலை தெரியுமா என்று பார்க்கத் தேவையான சிறிது நேரத்திற்குமேல் உழைத்ததற்கெல்லாம் கூலி உண்டு.

"ஏ.பி.என்." எனப்படும் வணிக எண்ணை எடுத்துக்கொண்டு வா என்று கேட்கிற முதலாளியிடத்திலும் எச்சரிக்கை வேண்டும். அந்த எண்ணால் பிள்ளை பணியாளராக அல்ல, தனி ஒப்பந்தக்காரராக எண்ணப்படும்; குறைந்தபட்சக் கூலியும் விடுப்பும் விபத்துக் காப்பீடும் கேள்விக்குள்ளாகும். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் உணவு கொண்டுசெல்கிற வேலை பெரும்பாலும் இந்த எண்ணிலேயே நடக்கிறது. உடனே கிடைக்கிற வேலை அது, நேர்காணல் இல்லை. அதன் மறுபக்கத்தையும் அறியுங்கள்: 2020-இன் பிற்பகுதியில் இரண்டு மாதத்திற்குள் ஆஸ்திரேலியாவில் இவ்வேலை செய்த ஐந்து பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள். மெல்பர்னிலோ டிராம் தண்டவாளங்கள் மழையில் வழுக்கும். புதிதாய் வந்தவர் சைக்கிள் சக்கரத்தை அதில் சிக்கவைத்து விழுவது சாதாரணம். இந்த நேரமும் 48-க்குள் எண்ணப்படும்.

ஃபிளிண்டர்ஸ் தெரு இரயில் நிலையத்தின் மஞ்சள் நிற முகப்பைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் எதிரிலுள்ள சந்திப்பில் 2008 ஏப்ரல் இறுதியில் டாக்சி ஓட்டுநர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், அவர்களில் மாணவர்கள் அநேகர், ஓர் இரவும் பகலும் சாலையில் அமர்ந்தார்கள். ஓட்டுநர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டதே காரணம். இரவு நேரத்தில் பயணக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குவதும், ஓட்டுநர் இருக்கைக்குப் பாதுகாப்புத் தடுப்பும் அதன் பின்னரே வந்தன. அடுத்த ஆண்டு மே இறுதியில், இந்திய மாணவர்கள்மேல் நடந்த தாக்குதல்களைக் கண்டித்து அதே இடத்தில் மாணவர்கள் கூடினார்கள். தாக்கப்பட்டவர்களில் பலர் இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பியவர்கள். இன்றைய நகரத்தைக் கண்டு பயப்பட இதைச் சொல்லவில்லை. கடைசி இரயிலைக் குறித்து நாம் முன்னே சொன்னது ஏன் என்று விளங்கும்படி சொல்லுகிறோம்.

நம் பிள்ளைகளுக்கே உரிய கேள்விகள் இரண்டு உண்டு. முதலாவது ஞாயிற்றுக்கிழமை. சில்லறைக் கடைகளில் கேஷுவல் பணியாளருக்கு ஞாயிறன்று அடிப்படைக் கூலியைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு தருகிறார்கள். வார நாளில் அது ஒன்றேகால் மடங்கு. நேரம் 48-க்குள் அடைபட்டிருக்கும்போது, விலை உயர்ந்த மணி நேரத்தை விட்டுவிடுவது எளிதல்ல. ஞாயிறு முழுதும் வேலை செய்து வாரநாளில் படிக்கிற பிள்ளையின் கணக்கு தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்நிய ஊரில் காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொண்டுவருகிறவர்கள் ஞாயிறன்று சந்திக்கிற சபையார்தான் என்பதும் அந்தக் கணக்கில் சேரவேண்டியது. வேலை விண்ணப்பத்தில் வரக்கூடிய நேரத்தைக் கேட்கிற கட்டத்தில் ஆராதனை நேரத்தை மாத்திரம் விட்டு எழுதலாம். அதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. சேர்ந்தபின் ஒவ்வொரு வாரமும் கெஞ்சுவதைவிட முதலிலேயே எழுதிவிடுவதை முதலாளிகளும் விரும்புவார்கள்.

இரண்டாவது மது. விக்டோரியா மாநிலத்தில் உரிமம் பெற்ற பல இடங்களில் மது பரிமாறுகிறவர் அதற்கென ஒரு பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். "அந்தச் சான்றிதழை எடுத்துவிடு, உடனே வேலை கிடைக்கும்" என்று நண்பர்கள் சொல்வது உண்மையே. அதை எடுக்க மனமில்லாதவர்களுக்குச் சமையலறையும் கிடங்கும் துப்புரவும் பராமரிப்பும் இரவு அலமாரி வேலையும் இருக்கின்றன; கதவு ஒன்று சாத்தப்படுகிறது, அவ்வளவே. எந்தப் பக்கம் என்பதை வேலை கேட்கப் போகுமுன்னே பிள்ளை தன் மனதில் தீர்த்துக்கொள்வது நல்லது. பசியோடு நேர்காணலில் உட்கார்ந்திருக்கும்போது தீர்மானிப்பது கடினம்.

கடைசியாக, அநேகர் விட்டுவிட்டு வருகிற ஒரு பணம். நம் நாட்டு பி.எஃப். போல அங்கே "சூப்பர்" என்பது உண்டு. கூலிக்கு மேலாக, 2025 ஜூலை முதல் 12 விழுக்காடு, முதலாளி தன் பங்காக ஓய்வூதிய நிதியில் கட்டவேண்டும். மாதம் 450 டாலருக்குக் குறைவாகச் சம்பாதித்தால் கட்டவேண்டியதில்லை என்றிருந்த விதி 2022 ஜூலையில் நீக்கப்பட்டதால், சில மணி நேரமே உழைத்தவருக்கும் இது சேரும். பதினெட்டு வயது நிறையாதவருக்கு மாத்திரம் வேறு விதி. சம்பளச் சீட்டில் இந்தத் தொகை காட்டப்பட்டிருக்கும். நிதியத்தில் வந்து சேர்ந்ததா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டு மூன்று இடங்களில் வேலை செய்தவருக்கு இரண்டு மூன்று கணக்குகள் ஆகிவிடாதபடி, முதல் கணக்கின் எண்ணையே புதிய முதலாளிக்கும் கொடுக்கலாம்.

படிப்பு முடிந்து நாட்டைவிட்டுப் புறப்பட்டு, விசாவும் முடிந்தபின்னரே அந்தப் பணத்தைக் கேட்க முடியும். மாணவராயிருந்தவருக்கு அதில் பெரும்பாலும் 35 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆறு மாதத்திற்குள் கேட்காவிட்டால் தொகை வரி அலுவலகத்திற்கு மாற்றப்படும். அதன்பின்னும் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பத்திற்கு வரி எண், பழைய கடவுச்சீட்டு எண், நிதியத்தின் பெயரும் உறுப்பினர் எண்ணும் வேண்டும். மெல்பர்னில் எடுத்த கைப்பேசி எண் ஊர் திரும்பியதும் செயலற்றுப் போகும் என்பதால், புறப்படும் வாரத்திலேயே நிதியத்தின் கணக்கில் இந்தியத் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றிப் பதிந்துவிட்டு விமானம் ஏறவேண்டும்.